மலையிலிருந்து வரும் போத்தல்கள்

நோயியல் துறை என்றாலே பிணவறை என்று நினைப்பவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் நிறையப் பேர். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஒங்க மக பொணம் அறுக்கிற எடத்துலயா வேல பாக்குது?" என்று லயத்தில் அம்மாவிடம் கேட்காத ஆள் இல்லை. உண்மையில் அந்தத் துறைக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி உயிரோடு இருப்பவர்களின் உடம்பிலிருந்து எடுத்த திசுவும் இரத்தமும்தான். மார்பில் வந்த கட்டி புற்றுநோயா, கழுத்தில் நெறி கட்டியிருப்பது காசநோயா, சிறுநீரகம் ஏன் பழுதாகிறது, இரத்தம் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது என்று டொக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேதான் பதில் எழுதப்படுகிறது.

மேலே மலையில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எம்.எல்.டி.யாக, அதாவது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகச் சில காலம் இருந்துவிட்டு, அப்புறம் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் மருத்துவ பீடத்தின் நோயியல் துறைக்கு வந்தேன். மாதிரியை அனுப்பும் முனையிலும் நின்றிருக்கிறேன், வாங்கும் முனையிலும் நிற்கிறேன். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸிலும் பொலித்தீன் பையிலும் அரைகுறையாக நிரப்பிய படிவத்திலும் ஒரு நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய பதில் பாதி தொலைந்துவிடுகிறது. பேராதனையில் எவ்வளவு தேர்ந்த நிபுணர் இருந்தாலும், கெட்டுப்போய் வந்த திசுவை அவரால் வாசிக்க முடியாது. தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்பவர்கள், மாவட்ட ஆஸ்பத்திரித் தாதிமார், புதிதாக வந்த டொக்டர்மார், போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு வரும் உறவினர்கள், எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

எது யாருடைய வேலை

பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. நம் நாட்டு மருத்துவ பீடங்களில் நோயியல் துறை என்றால் பொதுவாக மூன்று பிரிவுகளைச் சொல்லலாம். திசுவை வெட்டிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது திசு நோயியல். நாங்கள் 'ஹிஸ்டோ' என்போம். இரத்த அணுக்களையும் எலும்பு மச்சையையும் பார்ப்பது குருதியியல். சீனி, உப்பு, ஹோமோன், ஈரல் சிறுநீரகச் செயல்பாடு என்று அளந்து அர்த்தம் சொல்வது இரசாயன நோயியல். இந்த மூன்றுக்கும் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் தனித்தனியே எம்.டி. பட்டம் இருக்கிறது. ஆக, மூன்றும் மூன்று வேறு நிபுணத்துவம். எலும்பு மச்சை ஸ்லைடை ஹிஸ்டோ மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனால், அவர் அதைப் பத்திரமாக வைத்துச் சரியான ஆளிடம் அனுப்புவார்தான். ஆனால் அதற்குள் ஒரு நாள் போய்விடும்.

ஹிஸ்டோவுக்குள்ளும் பிரிவு உண்டு. சிறுநீரகம், மார்பகம், ஈரல், தோல், கருப்பை, நிணநீர்க் கணு என்று ஒவ்வொரு நிபுணருக்கும் ஆழமாகப் படித்த ஓர் உறுப்பு இருக்கும். ஊசியால் உறிஞ்சி எடுத்த கலங்களையும் பாப் ஸ்லைடுகளையும் பார்ப்பது கலநோயியல், அதுவும் இங்கேதான்.

நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், சட்ட மருத்துவம் மூன்றும் பேராதனையில் தனித் துறைகள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சளியையும் சீழையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, எங்களிடம் கொண்டு வருவார்கள். அது நுண்ணுயிரியலுக்குப் போக வேண்டியது. வாய்க்குள் எடுத்த திசுவுக்குப் பல் மருத்துவ பீடத்தில் வாய் நோயியல் என்று ஒரு துறையே இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஸ்லைட் வாசித்து ரிப்போட் எழுதும் அதே ஆட்கள்தான் மாணவருக்குப் பாடம் எடுக்கிறார்கள், ஆராய்ச்சியும் செய்கிறார்கள். காலையில் ஒரு ஸ்லைடில் கண்ட விசித்திரம் பகலில் வகுப்புக்குப் போகும். அதே மாதிரி நாலைந்து தடவை கண்ணில் பட்டால் ஆராய்ச்சிக் கேள்வியாகிவிடும். நமது ஊர் நோயாளியின் போத்தல் இந்த மூன்று இடத்துக்கும் போகிறது என்பதை நினைத்தால், அதை ஒழுங்காக அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஃபோர்மலின் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். மகனுக்குக் கழுத்தில் வந்த கணுவை மேலே ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றி, சேலைத் தலைப்புக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். கவுண்டரில் தமிழ் பேச ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"தங்கச்சி, இத இங்கதானே குடுக்கணும்? கொஞ்சமும் சிந்தாம கொண்டாந்துட்டேன்."

படிவத்தில் காசநோயா, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயா என்று கேட்டிருந்தது. காசநோய்க் கல்ச்சரும் கேட்டிருந்தது. வந்தது ஒரே போத்தல், முழுவதும் ஃபோர்மலின், திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவம். ஃபோர்மலினில் விழுந்த மறு நிமிடமே கிருமி சாகத் தொடங்கிவிடும். அதை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. மேடம் ஸ்லைடில் காசநோய்க்குரிய கிரனுலோமாவை, அதாவது கலங்கள் திரண்ட முடிச்சைப் பார்த்தார். ஸீல் நீல்சன் சாயத்தில் தேடித் தேடிச் சில சிவப்புக் கிருமிகளையும் கண்டுபிடித்தார். பையனுக்கு மருந்து தொடங்கினார்கள். ஆனால் அந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதைச் சொல்ல கல்ச்சர் வேண்டும். அது கிடைக்கவில்லை. நெருக்கமான லயத்து அறைகளில் ஒருவருக்கு நுரையீரலில் வந்தால் பக்கத்தில் படுப்பவருக்கும் தொற்றக்கூடிய நோய் அது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கணுவை வெட்டுகிற மேசையிலேயே அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டு ஃபோர்மலினில், ஹிஸ்டோவுக்கு. மறு துண்டு கிருமி நீக்கிய சேலைன் (உப்புநீர்) விட்ட சுத்தமான போத்தலில், காசநோய்க் கல்ச்சருக்கும், கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும். லிம்ஃபோமா சந்தேகம் பலமாக இருந்தால் கத்தி வைப்பதற்கு முன்பே நோயியல் துறைக்கு ஒரு கோல் எடுத்துப் பேசிவிடுவது நல்லது. சில பரிசோதனைகளுக்குப் பச்சைத் திசுதான் வேண்டும், அது எப்படி, எப்போது வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். ஒரு கோலில் முடிகிற விஷயம் இது.

சிறுநீரகப் பயோப்சியிலும் இதே கதைதான். ஊசியில் வருவது நூல் மாதிரி ஒரு சின்னத் துண்டு. அதில் ஒன்று ஃபோர்மலினுக்கும், இன்னொன்று எதிர்ப்பொருள் படிவை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸுக்காக சேலைனிலோ துறை தரும் தனித் திரவத்திலோ வர வேண்டும். இரண்டையும் ஃபோர்மலினில் போட்டால் பாதிப் பரிசோதனை செய்ய முடியாமல் போகும். இன்னொரு தடவை ஊசி குத்த யாருக்கும் மனம் வராது.

சரி, ஃபோர்மலின் வேண்டிய இடத்துக்கு வருவோம். கடைச் சரக்கு ஃபோர்மலினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அதற்குரிய பொஸ்பேட் உப்புகளும் போட்டால் வருவதுதான் நாங்கள் சொல்லும் பத்து வீத பஃபர் ஃபோர்மலின். உப்பு போடாமல் வெறும் தண்ணீர் கலந்தால் அது நாளடைவில் அமிலமாகிவிடும். திசுவில் கறுப்புக் கபிலப் பொடி படியும். மலேரியாக் கிருமி விட்டுப்போகும் நிறமியைப் போலவே அது தெரியும், பார்ப்பவரைக் குழப்பும். அந்தத் திசுவிலிருந்து பின்னால் டி.என்.ஏ. எடுப்பதும் கஷ்டம். திசுவின் அளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். ஃபோர்மலின் மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் உள்ளே இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு மார்பகத்தை அப்படியே ஒரு வாளிக்குள் அமுக்கி அனுப்பினால், வெளிப்புறம் பதமாகி, நடுவிலிருக்கும் கட்டி அழுகியிருக்கும். கட்டிதானே முக்கியம்!

மார்பகப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்2 என்ற மூன்று பரிசோதனைகளை வைத்துத்தான் என்ன மருந்து என்று தீர்மானிக்கிறார்கள். அவை சரியாக வர வேண்டுமென்றால் வெட்டி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபோர்மலினில் இருக்க வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேல் போகாமலும் அதில் ஊற வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒப்பரேஷன் செய்து, திங்கள் போயா தினமாகி, செவ்வாய்தான் போத்தல் கண்டிக்கு இறங்கினால் கணக்குத் தப்பிவிடும். வெட்டிய நேரம், ஃபோர்மலினில் போட்ட நேரம் இரண்டையும் லேபலில் எழுதிவிட்டால், ரிப்போட் எழுதுபவர் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று நிதானிப்பார்.

அப்புறம் போத்தலின் வாய். ஜாம் போத்தல், கோப்பிப் போத்தல், மருந்துப் போத்தல் எல்லாம் வருகிறது. வசதி இல்லாத இடத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. வாய் அகலமாக இருந்தால் போதும். உள்ளே போகும்போது திசு மிருதுவாக இருக்கும், வழுக்கிக்கொண்டு போய்விடும். ஃபோர்மலினில் கிடந்து விறைத்த பிறகு அதே வாயால் வெளியே வராது. கண்ணாடியை உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். திசுவும் கிழியும், கையும் கிழியும்.

ஸ்லைடையும் ஃபோர்மலின் போத்தலையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். காற்றில் உலர்த்திய ஊசி ஸ்லைடும் எலும்பு மச்சை ஸ்லைடும் அந்த ஆவி பட்டால் சாயம் பிடிக்காமல் பச்சை நீலமாகப் போய்விடும். இடுப்பில் ஊசி குத்தி வலியைத் தாங்கிக்கொண்ட ஒருவரின் மாதிரி, பெட்டியில் பக்கத்தில் வைத்த போத்தலால் வீணாகிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

வெற்றிலைப் பை

எங்கள் தாத்தா, பாட்டி தலைமுறையில் வெற்றிலைப் பை இல்லாமல் மலைக்கு ஏறியவர் இல்லை. குளிருக்கு, பசிக்கு, அலுப்புக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். கொழுந்து எடுக்கும்போது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரை ஓடும் என்பார்கள். இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தனியாகவும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. "நான் பொயில போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் அப்பத்தாமாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பாக்கினால் வருகிற இன்னொன்று, வாய்க்குள் சளிச்சவ்வின் அடியில் நார் படிந்து வாய் திறக்க முடியாமல் போவது. 1966இல் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் இந்தியாவின் சிர்சாத்தும் அதற்குத் தெளிவான வரையறை எழுதினார்கள். காரச் சாப்பாடு எரியும்; கன்னம் வெளிறிப் பலகையாகும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்வேன். நுழையவில்லை என்றால் பல் டொக்டரிடம் போக வேண்டும். வெள்ளைத் தழும்பு, அதைவிட முக்கியமாகச் சிவப்புத் தழும்பு, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண், இவற்றுக்கும் அதே ஆலோசனைதான்.

இப்படி எடுக்கும் திசுவைப் பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் வாய் நோயியல் துறையில் படிக்கிறார்கள். நாட்டின் பல பக்கத்திலிருந்தும் அங்கே மாதிரிகள் வருகின்றன. அதனால் வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது பெயர் பெற்ற இடமாயிற்று. திசு எடுப்பவருக்கு அங்கிருந்து வரும் வேண்டுகோள் ஒன்றுதான்: புண்ணின் நடுவில், செத்துப்போன இடத்தில் எடுக்காதீர்கள். ஓரத்தில், பக்கத்து நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்து வருமாறு எடுங்கள். எல்லை தெரிந்தால்தான் கலங்கள் உள்ளே இறங்கிவிட்டனவா, மேலேயே நிற்கின்றனவா என்று சொல்ல முடியும். படிவத்தில் என்ன மெல்கிறார், எத்தனை வருடமாக, எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் புண்ணும் அதே கன்னத்தில்தான் இருக்கும்.

குளிரும் இரத்தமும்

மேலே வேலை செய்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட மிக உபயோகமான பாடம் இது. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மார்கழி தை மாதத்தில் விடியற்காலை குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சின்ன ஆஸ்பத்திரியில் காலையில் எடுத்த இரத்தம், பிரிக்காமல் அப்படியே ஜன்னலோர மேசையில் கிடந்து, பகல் வண்டியில் பெரிய ஆய்வுகூடத்துக்கு இறங்கும். அங்கே பொட்டாசியம் ஆபத்தான அளவில் காட்டும். டொக்டர் பதறி நோயாளியைத் திரும்பக் கூப்பிடுவார். புதிதாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இராது.

உயிரோடு இருக்கும் சிவப்பணு பொட்டாசியத்தைத் தன் உள்ளே பிடித்து வைத்திருக்கும். அப்படிப் பிடித்து வைக்க ஒரு பம்பு ஓட வேண்டும். குளிர்ந்தால் பம்பு மந்தமாகும், பொட்டாசியம் வெளியே கசியும். அணு உடையவில்லை என்பதால் சீரம் சிவக்காது; பார்வைக்கு மாதிரி நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கெடாமல் இருக்கட்டும் என்று முழு இரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைப்பதும் இதே தொல்லையைத்தான் கொண்டுவரும். எடுத்த சீக்கிரத்தில் சுற்றிப் பிரித்துச் சீரத்தை மட்டும் அனுப்புங்கள். பிரிக்க மெஷின் இல்லை என்றால் குளிரவிடாமல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அனுப்பி, எடுத்த நேரத்தை எழுதுங்கள். ஊதா மூடிக் குழாயில் எடுத்ததை மறந்தாற்போல் சிவப்பு மூடிக்குள் ஊற்றுவதும் வேண்டாம். ஊதாக் குழாயின் மருந்திலேயே பொட்டாசியம் இருக்கிறது. அது கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரிப்போட்டில் பொட்டாசியம் வானத்திலும் கல்சியம் பாதாளத்திலும் இருந்தால், நோயாளியைப் பார்ப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

குளிர் இன்னொரு வேலையும் செய்யும். சிலரின் இரத்தத்தில் குளிரில் அணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அணுக்களை எண்ணும் மெஷின் ஒட்டிய அணுக்களை ஒன்றென எண்ணி, சிவப்பணு எண்ணிக்கையைக் குறைத்தும் அணுவின் பருமனைக் கூட்டியும் காட்டும். எம்.சி.எச்.சி. (சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் செறிவு) நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். அந்தக் குழாயை 37 பாகைச் சூட்டில் வைத்து மறுபடி ஓட்டினால் எண்கள் ஒழுங்குக்கு வரும். அந்த எதிர்ப்பொருள் ஏன் வந்தது என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் குருதியியல் நிபுணர்.

தோட்டத்துப் பெண்களின் இரத்தக் குறைவைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிறிய அணு, வெளிறிய அணு என்று வந்த உடனே இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடான தலசீமியாவைச் சுமப்பவருக்கும் இரத்தம் அப்படித்தான் தெரியும். எம்.சி.வி.யை, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவை நினைக்க வேண்டும். அது ஒரு குறிப்பு மட்டுமே, முடிவு அல்ல. ஹீமோகுளோபின் ஏ2 அளந்துதான் முடிவு சொல்வார்கள், 3.5 வீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியாச் சுமப்பாளர். இரும்புச் சத்து மோசமாகக் குறைந்திருந்தால் அந்த ஏ2வும் குறைத்துக் காட்டக்கூடும், ஆகவே உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்று கிளினிக்கில் சொல்லலாம், அதற்குச் செலவே இல்லை.

ரிப்போட் ஏன் தாமதம்

கவுண்டரில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். "ரத்த ரிப்போட்டு அன்னைக்கே குடுக்குறாங்க, இதுக்கு ஏன் இத்தன நாளு?" கேட்பது நியாயம். திசு பதமாக ஒரு இரவாவது வேண்டும். அப்புறம் அதிலுள்ள தண்ணீரை மதுசாரத்தால் எடுத்து, உருக்கிய பரஃபின் மெழுகை உள்ளே ஏற்ற இன்னொரு இரவு. மெழுகு பிளாக்கை மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரோன் தடிப்பில் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி, சாயமேற்ற வேண்டும். இவ்வளவும் நிபுணர் பார்ப்பதற்கு முன்பு. பார்த்த பிறகு இன்னொரு சாயம் வேண்டும் என்றாலோ, எலும்பாக இருந்து சுண்ணாம்பை நீக்க வேண்டும் என்றாலோ இன்னும் நாளாகும். ஒப்பரேஷன் நடக்கும்போதே உறைய வைத்துச் சீவி உடனே சொல்லும் முறையும் உண்டு. அது சத்திரசிகிச்சை நிபுணர் அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு மட்டும்தான். படம் அவ்வளவு தெளிவாக வராது.

உறவினர்கள் செய்ய வேண்டியது ஒன்று. போத்தலைக் கொடுக்கும்போது தரும் ஆய்வுகூட இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை வைத்துத் தேடுவது நமது ஆட்களுக்குச் சரிவராது. லெட்சுமி, லட்சுமி, லக்சுமி என்று ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கொப்பியில் ஒரு மாதிரி, படிவத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயர், ஒரே வயதில் இரண்டு பேர் இருப்பதும் சாதாரணம். இலக்கத்தை நம்புங்கள். ரிப்போட்டைப் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். பின்னால் கண்டியிலோ மகரகமவிலோ புற்றுநோய் வைத்தியம் என்றால், அதே பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்பார்கள். அந்த இலக்கம் இருந்தால் அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவோம்.

பிள்ளைகள் இந்த வேலைக்கு வரட்டும்

கவுண்டரில் தமிழ் பேச ஆள் தேடும் நிலை மாற வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்தவர்கள் பேராதனையின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம். டொக்டரானவர்கள் நான் மேலே சொன்ன எம்.டி.க்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நோயியலில் நோயாளி கண்ணில் படமாட்டார், அதனால் பெயர் வராது என்று சொல்வார்கள். ஆனால் என்ன நோய் என்று பெயர் வைப்பவர் அவர்தான். சிங்களத்தை நன்றாகப் பேசப் பழகிக்கொண்டு வாருங்கள். சக ஊழியர்கள் என்னை ஏற்றுக்கொண்டதும் நான் வேலையை வேகமாகக் கற்றதும் அதனால்தான்.

ஆராய்ச்சிக்குப் போக வேண்டிய ஒரு வரி

நாங்கள் பார்த்து முடித்த பிளாக்குகளை எறிவதில்லை. வரிசையாக இலக்கமிட்டு அடுக்கி வைத்திருக்கிறோம். இன்று கேட்கத் தெரியாத கேள்வியை நாளை ஒருவர் கேட்டால், பழைய மெழுகிலிருந்து பதில் எடுக்கலாம். 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமானது. அதற்கு முன்னும் பின்னும் கழுத்துக் கழலை நோய்கள் எப்படி மாறின என்று கேட்க, இப்படிச் சேர்த்த பதிவேடுகளும் பிளாக்குகளும்தான் வேண்டும். பழைய பிளாக் என்றாலும் அது ஒரு மனிதருடையது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெயரை மறைப்பதும் கட்டாயம்.

காரணம் தெரியாத சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. பதுளை மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டைப் பக்கமும் ஆட்களை வாட்டுகிறது. சீனி வியாதியோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகத்தில், வடிகட்டும் உருண்டைகளைவிட அவற்றைச் சுற்றிய நுண்குழாய்களும் இடைத்திசுவும்தான் முதலில் அடிபட்டிருக்கின்றன. அதைக் காட்டியது பயோப்சி ஸ்லைட். இம்யூனோஃபுளோரசன்ஸில் எதிர்ப்பொருள் படிவு இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. தண்ணீரா, விவசாய இரசாயனமா, வெயிலில் உடம்பு வறள்வதா, பலவும் சேர்ந்தா என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அந்தச் சின்ன நூல் துண்டுகள் சுட்டிக்காட்டின. அவர் விவசாயி, இன்ன ஊர்க்காரர் என்று யாரோ படிவத்தில் எழுதியிருந்ததால்தான் அந்தத் துண்டுகளை ஒன்று சேர்த்துப் பார்க்க முடிந்தது.

தோட்டத்திலிருந்து வரும் படிவங்களில் தொழில் என்ற அந்த வரி அநேகமாக வெறுமையாக இருக்கிறது, அல்லது 'லேபர்' என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு களைநாசினி அடிப்பவரும், கொழுந்து எடுப்பவரும், தொழிற்சாலையில் தேயிலைத் தூசுக்குள் நிற்பவரும் ஒரே சொல்லில் அடங்கினால், எங்கள் ஜனங்களுக்கு எந்த வேலையால் எந்த நோய் வருகிறது என்று எந்தத் துறையும் கண்டுபிடிக்க முடியாது. மாணவர்கள் ஆராய்ச்சித் தலைப்புக் கேட்டு வரும்போது, முதலில் பதிவேட்டைப் புரட்டி அந்த வரி எத்தனை இடத்தில் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். நிரம்பாத தகவலை வைத்து எவ்வளவு நல்ல கேள்வி கேட்டும் பயனில்லை.

ஆகவே மேலே இருந்து அனுப்புகிறவர்களே, போத்தலை மூடியதும் படிவத்தை எடுத்து, தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் எழுதுங்கள். தொழில் என்ற இடத்தில் இப்போது என்ன வேலை, முன்பு என்ன வேலை, மருந்து அடித்தாரா, எத்தனை வருடம் என்று நோயாளியிடமே தமிழில் கேட்டு எழுதுங்கள். இடம் போதாவிட்டால் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள், நாங்கள் திருப்பிப் பார்க்கிறோம்.